ஃபின்லே வீட்டு ஆள் யாராவது இருக்கீங்களா?

கிளாஸ்கோ
18 ஜனவரி 1988

எஃபி அக்காவுக்கு,

நீ கப்பல் ஏறிப் போனதிலிருந்து எனக்குப் பேச்சே வரவில்லை என்று எழுத ஆசைதான். அது பொய்யாகிவிடும். வாய் எப்போதும் போல ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பாட்டுதான் நொண்டுகிறது.

சனிக்கிழமை ஃபால்கர்க்கில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்தோம். நீ இல்லாத முதல் கல்யாணம். உன் குரல் வர வேண்டிய இடத்தையெல்லாம் டகி கீபோர்டில் இரண்டு விரலை வைத்து அடைத்தான். நடுவில் பெண்ணின் அம்மா என்னிடம் வந்தாள். "ஏம்பா, அந்தப் பொண்ணு எங்க? அவ பாடுவான்னுதான உங்களக் கூப்பிட்டோம்?" என்றாள். "ஊருக்குப் போயி பள்ளிக்கூட டீச்சர் ஆயிட்டாங்க" என்றேன். "ஐயோ பாவம்" என்றாள். உன்னைச் சொன்னாளா, என்னையா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

நீயே சொல், இதையெல்லாம் நானா ஆரம்பித்தேன்? ஊர்க்கூடத்து நடனத்தில் அக்கார்டியன்காரன் குடித்துவிட்டுக் கவிழ்ந்த அன்று, அப்பாவின் அக்கார்டியனை என் கழுத்தில் மாட்டி மேடையில் தள்ளிவிட்டது யார்? "கிளாஸ்கோ போலாம்டா, அங்க நம்ம பாட்டுக்கு ஏங்கிக் கெடக்கறாங்க" என்றது யார்? பெய்ஸ்லியிலிருந்து டகியைப் பிடித்து வந்து, "இவனுக்கு நம்ம தீவு மொழி ஒரு வார்த்தை தெரியாது, ஆனா தாளம் தப்பாது" என்று என் முன்னால் நிறுத்தியது யார்? பேர் வைத்ததுகூட நீதான். பீட் ரோடு. நம் ஊரில் அடுப்புக்குச் சதுப்புக்கரி வெட்டப் போகிற பாதை அது. இங்கே அந்தப் பேரைக் கேட்டவர்கள் எத்தனாம் நம்பர் பஸ் போகும் என்கிறார்கள். எல்லாவற்றையும் தொடங்கி வைத்துவிட்டு நடுத்தெருவில் விட்டுப் போய்விட்டாய்.

போகட்டும். டகி ஒரு தாள மெஷின் வாங்கியிருக்கிறான். "இது குடிக்காது, கோவிச்சுக்கிட்டு ஊருக்கும் போகாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். ஒரு ரெக்கார்டு கம்பெனி ஆளும் எங்களைக் கேட்க வந்திருந்தான். ஆடுகிற மாதிரி, கோரஸ் நாக்கில் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு பழைய பாட்டு கிடைத்தால் பேசலாம் என்கிறான். எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது அப்பாவின் கப்பல் பாட்டு. அதுதான், ஃபின்லே மாமா பாட்டு. கோரஸும் முதல் இரண்டு சரணமும் தெரியும். மூன்றாவது மறந்துவிட்டது. எழுதி அனுப்பு. மேடையில் பாடுவதற்காக இல்லை, சும்மா மெட்டைப் பார்க்கத்தான்.

உன்னால் கைவிடப்பட்ட,
லாக்லன்

~

வடக்கு யூயிஸ்ட்
2 பிப்ரவரி 1988

டேய் லாக்லன்,

மெட்டைப் பார்க்கச் சரணம் எதற்கடா? பொய் சொன்னால் உனக்குக் காது சிவக்கும். கடிதத்திலும் சிவந்திருக்கிறது.

நான் ஏன் வந்தேன் என்று உனக்குத் தெரியும். ஸ்டர்லிங்கில் அந்த ஹோட்டல் விருந்துக்கு நமக்குக் கட்டம்போட்ட பாவாடையும் தலையில் இறகும் மாட்டிவிட்டார்கள். டகி சிரித்தான், நீயும் சிரித்தாய். கழிவறைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது பிஸ்கட் டப்பா மேல் ஒட்டுகிற படம் மாதிரி இருந்தேன். அப்பா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அன்றைக்கே மனசு விட்டுப்போயிற்று. உன் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

மூன்றாவது சரணத்தை எழுதித் தர மாட்டேன். அப்பா கட்டின பாட்டு எத்தனையோ இருக்கிறது, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். இதைத் தொடாதே. நீ மறந்துவிட்டாய் என்று நினைத்து இதை எழுதவில்லை. மறந்த மாதிரி நடிக்கிறாய், அதனால் எழுதுகிறேன். ஒரு பெண் நம் தீவுக்கு வருகிறேன் என்று ஃபின்லே மாமாவுக்கு வாக்குக் கொடுத்தாள். அவர் வாசல் கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்தார், புது பூட்ஸ் வாங்கினார். குதிரை வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு லோக்மாடி துறைக்குப் போய் நின்றார். கப்பல் வந்தது, அவள் வரவில்லை. அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். ஊர் சிரித்தது. ஊருக்குச் சிரிப்பு வந்தால் பாட்டுக் கட்டுவதற்கு அப்பா இருந்தார். ஆடு இறங்கியது, மாவு மூட்டை இறங்கியது, போதகர் வீட்டுக் குளியல் தொட்டி இறங்கியது, ஹோ ரோ ஃபின்லே, உன் பெண்ணை எங்கே காணோம் என்று.

ஆனால் அப்பா அதைப் பாடும் முன் என்ன செய்வார்? வீட்டை ஒரு சுற்றுப் பார்ப்பார். "ஃபின்லே வீட்டு ஆள் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறப்பார். கேலிப் பாட்டுக்கு இந்தத் தீவில் அதுதான் ஒழுங்கு. எவன் மேல் கட்டினதோ அவனோ அவன் வீட்டாரோ இருக்கிற இடத்தில் பாடுவதில்லை. முப்பது வருஷமாக ஒருத்தர் அதை மீறவில்லை.

ஃபின்லே மாமா நேற்றுகூட நம் வேலியைத் தாண்டி வந்து இரண்டு மீன் கொடுத்துவிட்டுப் போனார். இப்போதும் ஞாயிறு தேவாலயத்தில் வேதத்துச் சங்கீதத்துக்கு அடி எடுத்துக் கொடுப்பது அவர்தான். அவர் எழுந்து நின்று ஒரு வரியை இழுத்தால் சபை மொத்தமும் பின்னால் எழும். அதைவிட எனக்கு வேறு பாட்டு வேண்டியதில்லை.

குளிருக்கு உள்சட்டை போடு.

எஃபி

~

கிளாஸ்கோ
20 ஜூன் 1988

என் அருமை அக்கா,

இத்துடன் வரும் சால்வை உனக்கு. நீலம் உனக்கு எடுக்கும் என்று டகி சொன்னான், அவனுக்கு நிறமே தெரியாது, ஆனாலும் வாங்கினேன்.

சேதி இதுதான்: கம்பெனி எங்களை எடுத்துக்கொண்டது! ஆல்பம் முடிந்துவிட்டது. லண்டனிலிருந்து ஒரு ஆள் வந்து உட்கார்ந்து வயலினைக் கொஞ்சம் குறை, தாளத்தைக் கூட்டு, இந்த இடத்தில் கை தட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். முதலில் எரிச்சலாக வந்தது. கேட்டுப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. என் அக்கார்டியனைக்கூட ஏதோ கம்பிக்குள் விட்டு எடுத்திருக்கிறார்கள், கடலுக்கு அடியில் யாரோ வாசிக்கிற மாதிரி வருகிறது. இப்போது கல்யாணங்களுக்குப் போவதில்லை. ஆட்கள் டிக்கெட் எடுத்து நின்றுகொண்டே கேட்கிறார்கள், அக்கா. உட்கார்வதே இல்லை.

என்னென்ன பாட்டு என்று கேட்பாய். அதெல்லாம் பிறகு விவரமாக எழுதுகிறேன். இப்போது வண்டி வாசலில் நிற்கிறது, டகி ஹாரன் அடிக்கிறான்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல். எல்லோரையும் என்றால் எல்லோரையும்.

லாக்லன்

~

வடக்கு யூயிஸ்ட்
11 அக்டோபர் 1988

லாக்லன்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டேன். திட்டிக் கிழிக்க ஆரம்பித்தால் நிற்கவில்லை. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பெகியின் கடையில் நின்றிருந்தேன். ஏழெட்டுப் பேர் இருந்தோம். தேயிலை டப்பாக்களுக்கு மேல் அவள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளன் பீட் ரோடு என்று உங்கள் பேரைச் சொன்னான். "அடியே எஃபி, உன் தம்பிடி!" என்று பெகி கத்தி, சத்தத்தைக் கூட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை ஏன் மறைக்க வேண்டும், முகமெல்லாம் பல்லாக நின்றேன். ஃபின்லே மாமா கையில் ரொட்டியோடு என் பக்கத்தில்தான் நின்றார். "நம்ம ஆர்ச்சி மகனா? கேப்போம், கேப்போம்" என்றார்.

அப்போது உன் குரல் வந்தது. பாட்டு இல்லை, பேச்சு. நம் மொழியில், அப்பா கேட்கிற அதே தொனியில், நீ கேட்கிறாய்: "ஃபின்லே வீட்டு ஆள் யாராவது இருக்கீங்களா?" பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் தரையைப் பார்த்தேன். ஃபின்லே மாமா ரொட்டியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். ரேடியோவைப் பார்த்து, மனுஷனிடம் பதில் சொல்வது போல, "இருக்கேன்" என்றார்.

அதற்குள் உங்கள் மத்தளம் இடிக்க ஆரம்பித்துவிட்டது. பெகி பதறிப்போய் ரேடியோவை அணைத்தாள். "ஏம்மா நிறுத்தின?" என்றார். கடைசியில் யாரோ ஒருத்தர், "சாயங்காலம் மழை வரும்போல" என்றார். "ஆமா, வரும்போலத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மாமா வெளியே போனார். ரொட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. அதை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க எங்களில் யாருக்கும் முகம் இல்லை.

மறுநாள் சபையில் போதகர் சங்கீதத்தை அறிவித்துவிட்டு அவரைப் பார்த்தார். அவர் எழுந்திருக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். நாங்கள் காத்திருந்தோம். கடைசியில் போதகரே ஆரம்பித்தார். அவருக்குக் குரல் கிடையாது. நாங்களும் இழுத்துப் பறித்துப் பாடி முடித்தோம். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவர் எழவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இடைவேளையில் வட்டமாக நின்று உன் கோரஸைத்தான் பாடி ஆடுகிறார்கள். "டீச்சர், டீச்சர், உங்க தம்பி பாட்டு!" என்று என்னிடம் ஓடி வருகிறார்கள். நான் என்ன செய்ய, அடிக்கவா?

முப்பது வருஷம் ஒரு ஊரே கூடிக் காப்பாற்றிய மானத்தை நீ ஒரு நிமிஷத்தில் சந்தி சிரிக்க வைத்துவிட்டாய். சால்வையைத் திருப்பி அனுப்புகிறேன்.

எஃபி

~

கிளாஸ்கோ
24 நவம்பர் 1988

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுதப் பேனாவை எடுத்தால் அந்த ரொட்டிதான் கண் முன்னால் வருகிறது.

சால்ஜாப்பு என்றே வைத்துக்கொள், ஆனாலும் சொல்கிறேன். அந்த ரெக்கார்டிங் அறையில் நான் தனியாக நின்றேன். காதில் மெஷினின் தாளம். கண்ணை மூடினால் அப்பா. பாடப் போகிற பாட்டு இது என்றதும் கேள்வி தானாக வாயில் வந்துவிட்டது. கேட்டேன். சுற்றிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டகி, லண்டன்காரன், இன்னும் இரண்டு பேர். யாரும் ஃபின்லே வீட்டு ஆள் இல்லை. ஆகவே பாடலாம் என்று நினைத்தேன்! நீ சிரிக்க மாட்டாய், ஆனால் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். ஒழுங்கை மீறவில்லை என்று எனக்கே ஒரு சமாதானம். ரேடியோ எல்லா வீட்டுக்குள்ளும் போகும் என்பது எனக்கு என்ன தெரியாதா? தெரியும். அதைப் பற்றி யோசிக்க நான் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியை டகி வெட்டாமல் வைத்துவிட்டான். அர்த்தம் தெரியாது, சத்தம் அழகாக இருக்கிறது என்றான். எடுத்துவிடு என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் பிடித்திருந்தது, அக்கா. அப்பா மாதிரியே இருக்கிறதே என்று இரண்டாவது தடவையும் போட்டுக் கேட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாட்டை நிறுத்தச் சொல்லிக் கம்பெனியிடம் போனேன். சிரித்தார்கள். "இருக்கறதே இந்த ஒரு பாட்டு, இதையும் நிறுத்தச் சொல்றியா?" என்றார்கள். சரி, மேடையிலாவது பாட மாட்டேன் என்று முடிவு செய்தேன். போன வாரம் எடின்பரோவில் பெரிய கூட்டம். கடைசியில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். டகி ஆரம்பித்தான். நான் மைக்கை விட்டு இரண்டு அடி பின்னால் தள்ளி நின்று வாயை மூடிக்கொண்டேன்.

அவர்கள் பாடினார்கள். மொத்தக் கூட்டமும். நம் மொழியில் "தண்ணி கொடு" என்று கேட்கத் தெரியாதவர்கள், ஒரு எழுத்து விடாமல் ஹோ ரோ ஃபின்லே என்று கையைத் தூக்கிப் பாடினார்கள். பாட்டு என் கையை விட்டுப் போய்விட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்த முன்வரிசைப் பெண்கள் நான் நெகிழ்ந்துவிட்டேன் என்று இன்னும் சத்தமாகப் பாடினார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பண்டிகைக்கு ஊருக்கு வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

லாக்லன்

~

வடக்கு யூயிஸ்ட்
14 பிப்ரவரி 1989

லாக்லன்,

ஃபின்லே மாமாவுக்குக் கண்ணில் புரை. அடுத்த மாதம் ஆபரேஷனுக்குக் கிளாஸ்கோ வருகிறார். எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்லாவிட்டாலும் ஊரில் யாராவது உனக்குச் சொல்லிவிடுவார்கள், அதனால் நானே முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

பார்க்கப் போகாதே. மன்னிப்புக் கேட்டால் உன் மனசு லேசாகும். அவருக்கு என்ன ஆகும்? கேட்காததாகப் பாவித்து ஐந்து மாதமாக நடமாடுகிற மனுஷன். "மாமா, உங்களக் கேலி பண்ணிட்டேன்" என்று நேரே போய் நின்றால், அவர் அதற்கு வேறு பதில் சொல்லியாக வேண்டும். அவரை நிம்மதியாக விடு.

இன்னும் அவர் சபையில் எழுந்து நிற்கவில்லை. நாங்களும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. பேச்செல்லாம் மழையைப் பற்றித்தான்.

எஃபி

~

கிளாஸ்கோ
15 மார்ச் 1989

அக்கா,

போனேன். நீ போகாதே என்று சொன்ன பிறகும் போனேன். என்னைத் திட்டுவதற்கு முன் முழுவதையும் படித்துவிடு.

அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் கட்டு, மற்றதில் மங்கல். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். உள்ளே ஒரு இளம் நர்ஸ் அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டு அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, உங்க பேரு ஃபின்லேவா? பாட்டுல வர்ற மாதிரியே!"

"ஆமாம்மா. பாட்டுல வர்ற மாதிரிதான்."

"அதுக்கு என்ன அர்த்தம் தாத்தா? நாங்க எல்லாரும் பாடறோம், ஒருத்தருக்கும் தெரியல."

"ஒருத்தன் கப்பலுக்குக் காத்துக்கிட்டு நிக்கறான்."

"வந்துச்சா?"

"கப்பல் வந்துச்சு."

"அப்பாடா, நல்லவேளை" என்று அவள் சிரித்துக்கொண்டே வெளியே போனாள். போகும்போது என்னைப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்களப் பாக்க ஆள் வந்திருக்கு" என்றாள்.

நான் யார் என்று சொல்ல வாய் வரவில்லை. "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டேன். "ஆர்ச்சி மகன்" என்றார் உடனே. "உக்காரு. ஏன் நிக்கற?"

மாமா, என்னை மன்னிக்கணும் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அது கெடக்கட்டும். பாடு" என்றார்.

"என்ன மாமா?"

"அந்தப் பாட்டத்தான். முழுசா, மெதுவா, அந்த இடி இடிக்கறதெல்லாம் இல்லாம."

"வேணாம் மாமா. என்னால முடியாது."

"நான் கேட்டதே இல்லடா. பாட்டு ஒண்ணு இருக்குன்னு தெரியும். எனக்குத் தெரியாதா? நான் உள்ள நுழைஞ்சா சிரிப்பு நின்னுடும். மழை வருமான்னு யாராவது கேப்பான். முப்பது வருஷமா ஒவ்வொரு வீட்லயும் உக்காந்து மழையப் பத்தியே பேசிட்டிருக்கேன். உன் பாட்டு ரேடியோல வந்தப்போ, போகட்டும், இன்னிக்காவது கேட்டுடலாம்னு பாத்தேன். பெகி அமத்திட்டா. அப்புறம் எங்க போனாலும் அமத்தறாங்க. எங்கிட்ட ரேடியோ இல்ல. நீதான் பாடணும்."

பாடினேன், அக்கா. நாற்காலியில் உட்கார்ந்து, சின்னக் குரலில், அப்பா பாடுகிற வேகத்தில். மெதுவாகப் பாடினால் அந்தப் பாட்டில் எதையும் ஒளிக்க முடியாது. பச்சைக் கதவு என்று பாடும்போது அவர் பக்கத்தில் இருந்தார். புது பூட்ஸ் என்று பாடும்போது பக்கத்தில் இருந்தார். போதகரின் குளியல் தொட்டி வந்ததும் சிரித்தார்! நிஜமாகவே குலுங்கிச் சிரித்தார். "அந்தத் தொட்டிய யாரு கொண்டு போனான்னு நெனச்ச? நான்தான். என் வண்டி காலியா இருக்கேன்னு அதை ஏத்திவிட்டுட்டாங்க" என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கிறார், நான் அழுகிறேன், பக்கத்துக் கட்டில்காரர் எங்களைப் பார்க்கிறார்.

இரண்டாவது சரணம் முடிந்ததும் நிறுத்தினேன். "அடுத்தது?" என்றார்.

"மூணாவது எனக்குத் தெரியாது மாமா. அக்காவுக்குத்தான் தெரியும். கேட்டேன், எழுதித் தர மாட்டேன்னுட்டா."

அவர் முகம் மாறிவிட்டது. பிறகு, "அதுல அவ பேரு வருதா?" என்றார்.

"யாரு பேரு மாமா?"

"அவ பேருடா. வரேன்னு சொன்னவ. நான் எக்கேடோ கெட்டுப்போறேன், ஊர் சிரிச்சுட்டுப் போகட்டும். அவளுக்கு என்ன தடங்கலோ, யாரு தடுத்தாங்களோ, நமக்கு என்ன தெரியும்? அவ பேர மட்டும் யாரும் வாயில போட்டு மெல்லாம இருக்கணும். அதான் எனக்கு வேணும். இப்ப ஊரெல்லாம் பாடறாங்கங்கற, அதான் கேக்கறேன்."

நான் பாடின இரண்டில் இல்லை என்றேன். மூன்றாவதைப் பற்றித் தெரியாது என்றேன். "சரி, எஃபிகிட்ட கேட்டுக்கறேன்" என்றார். பாரத்தை உன் தலையில் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கேட்காதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கிளம்பும்போது, "நான் இனிமே பாடலாமா மாமா?" என்று கேட்டேன். என்ன அசட்டுக் கேள்வி பார். "பாடிக்கோ, பாடிக்கோ. நீ நிறுத்தினா மத்தவங்க நிறுத்தவா போறாங்க?" என்றார். ஒரு அறை விட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. நாளைக்கு அபர்டீனில் கச்சேரி. ஒப்பந்தம் இருக்கிறது, டகி இருக்கிறான், பாடத்தான் போகிறேன். முதல் கேள்வியை மட்டும் இனி கேட்கப் போவதில்லை.

லாக்லன்

~

வடக்கு யூயிஸ்ட்
24 ஏப்ரல் 1989

என் தம்பிக்கு,

ஓய்வுநாளில் பேனாவைத் தொடக் கூடாது என்று நேற்று முழுக்கத் தவித்துவிட்டு இன்று காலை எழுதுகிறேன். உன்னைத் திட்ட இல்லை. எனக்கு அந்த உரிமை போய்விட்டது.

ஃபின்லே மாமா போன வியாழக்கிழமை வந்தார். சட்டை மாற்றி, பூட்ஸைக் கழுவிப் போட்டுக்கொண்டு, யாரோ பெரிய வீட்டுக்குப் போகிற மாதிரி வந்தார். டீ கொடுத்தேன். குடிக்கவில்லை. "மூணாவது சரணம் ஒங்கிட்ட இருக்காமே?" என்றார்.

அதை உனக்கு ஏன் எழுதித் தரவில்லை என்று இப்போது சொல்கிறேன். அதில் அவள் பேர் இருக்கிறது, லாக்லன். பேரும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. முந்தின துறையிலேயே வேறொருத்தன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள் என்று இருக்கிறது. அப்பாவுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. சரணத்துக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது, கட்டிவிட்டார். அந்த இடத்தில்தான் ஜனங்கள் அதிகமாகச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், சின்ன வயதில், எல்லோரையும்விடச் சத்தமாக.

முடியாது என்று சொல்லியிருந்தால் பேர் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பாடினாலும் தெரிந்துவிடும். அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் ஆரம்பித்தேன். பேர் வருகிற இடம் நெருங்கியது. பிறகு என் வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது. கடல் பொங்கியது, காற்று மாறியது, பிறகொரு வாரம் அவள் ஏறின கப்பலைப் பாதி வழியில் திருப்பினார்கள், ஹோ ரோ ஃபின்லே, அவள் மேல்தட்டில் நின்று பார்த்துக்கொண்டே போனாள் என்று. எதுகை மோனை எல்லாம் சரியாக விழுந்தது. அப்பாவின் மகள்தானே நான்!

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான் மாமா."

"பேரு இல்ல."

"இல்ல மாமா."

பிறகு எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "நானும் உங்கப்பன இத்தன வருஷமா தப்பாவே நெனச்சுட்டேன். நல்ல மனுஷன்" என்றார். போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் பாட்டைத் தொட்டாய் என்று உன்னோடு ஏழு மாதம் சரியாகப் பேசாதவள் நான். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவளும் நான். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

நேற்று சபையில் போதகர் சங்கீதத்தை அறிவித்தார். ஃபின்லே மாமா எழுந்தார். ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பெகி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முதல் வரியை எடுத்துக் கொடுத்தார், பழைய குரல்தான், ஒன்றும் குறையவில்லை. நாங்கள் வாங்கிப் பாட வேண்டும். ஒருத்தர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை, லாக்லன். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தோம். அவர் தப்பு செய்தது போல நாங்கள் இத்தனை மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோமே, அந்த வெட்கம்தான். அவர் பொறுத்துப் பார்த்தார். அதே வரியை இரண்டாவது தடவை கொடுத்தார். அப்போதுதான் சபை எழுந்தது. அப்படி ஒரு பாட்டை இந்தச் சபையில் நான் கேட்டதில்லை. என்னால் மட்டும் சேர முடியவில்லை. வாயை அசைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது சரணத்தை இனி என்னிடம் கேட்காதே. அப்பா கட்டினது என்னோடு போகட்டும். மாமா இப்போது வெளியே நமக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற வேலியைக் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் கட்டின சரணத்தைத்தான் பாடுகிறார். கப்பல் திரும்பியது, அவள் பார்த்துக்கொண்டே போனாள் என்று, திரும்பத் திரும்ப, சந்தோஷமாக. ஜன்னலைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

எஃபி